வாடகை வீடு, நம் சாமான்: சேலம் குடித்தனக்காரர்களுக்கு இன்ஷூரன்ஸ் கேள்வி பதில்

சேலத்தில் பொதுக் காப்பீட்டு ஏஜென்டாக வேலை பார்க்கிறேன். அதற்கு முன் குகை பகுதியில் ஒரு லைன் வீட்டில் பல வருடம் வாடகைக்கு இருந்தேன். வண்டிக்கும் உடம்புக்கும் பாலிசி கேட்டு வருகிறவர்கள் நிறைய. வாடகை வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்குக் கேட்டு வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வருகிறவர்களும் பெரும்பாலும் எதையாவது இழந்த பிறகுதான் வருகிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் ஏற்கனவே இன்ஷூரன்ஸ் வைத்திருக்கிறாராம். நான் எதற்குத் தனியாக எடுக்க வேண்டும்?

அவர் வைத்திருப்பது கட்டடத்துக்கு. பெரும்பாலும் வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கி கேட்டு எடுத்ததாக இருக்கும். சுவர், கூரை, தரை, கதவு, ஜன்னல் எல்லாம் அதில் வரும். உங்கள் பீரோ அதில் வராது. ஒரு பொருள் அழிந்தால் யாருக்கு நஷ்டமோ அவர்தான் அதற்குப் பாலிசி எடுக்க முடியும் என்பது காப்பீட்டின் அடிப்படை விதி. உங்கள் டிவி எரிந்தால் வீட்டுக்காரருக்கு நஷ்டம் இல்லை. அதனால் அவர் பாலிசி உங்கள் டிவிக்குப் பேசாது. அவர் நல்ல மனுசராக இருக்கலாம், பத்து வருடப் பழக்கம் இருக்கலாம், ஆனாலும் இந்த விதி மாறாது.

ஆபீசில் போய் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது?

"வாடகைதாரர் இன்ஷூரன்ஸ்" என்று கேட்டால் சில இடங்களில் விழிப்பார்கள். "பாரத் கிருஹ ரக்ஷா, வீட்டுச் சாமான் மட்டும்" என்று கேளுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல், வீடுகளுக்குப் பாலிசி தரும் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் இந்தப் பொதுப் பாலிசியைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கிறது. எங்கே வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். கட்டடத்துக்கு மட்டும், சாமானுக்கு மட்டும், இரண்டுக்கும் என்று மூன்று விதமாக எடுக்கலாம். குடித்தனக்காரருக்கு இரண்டாவது போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். விண்ணப்பம் நிரப்புகிறவர் பழக்க தோஷத்தில் கட்டடத்தையும் சேர்த்து எழுதிவிடுவது உண்டு. உங்களுடையதல்லாத கட்டடத்துக்குப் பிரீமியம் கட்டி உங்களுக்கு ஒரு பைசா வராது. கையெழுத்துப் போடும் முன் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

"சாமான்" என்றால் எதெல்லாம்?

கட்டில், பீரோ, சோபா, டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்சி, கிரைண்டர், பாத்திரம், துணிமணி. நீங்கள் வாங்கிச் சுவரில் மாட்டிய ஏசி, ஃபேன் போன்ற மின்சாதனங்களும் சேரும். ரொக்கம், பத்திரம், செக், கட்டித் தங்கம், பதிக்காத கற்கள் சாதாரணமாகச் சேராது. வாசலில் நிற்கும் பைக்கும் காரும் சேராது. அவற்றுக்கு வண்டி இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அதிலும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் எரிந்துபோன பைக்குக்கு ஒன்றும் கிடைக்காது.

எதனால் சேதம் வந்தால் பணம் தருவார்கள்?

தீ, வெடிப்பு, இடி மின்னல், நில நடுக்கம், புயல், வெள்ளம், மண் சரிவு, பாறை சரிவு, காட்டுத் தீ, வெளியிலிருந்து எதாவது வந்து மோதுவது (மரம் விழுவது, லாரி சுவரில் இடிப்பது, பக்கத்துச் சுவர் சரிவது), கலவரம், வேண்டுமென்றே யாராவது செய்யும் நாசம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைந்து வழிவது. இவைதான் முக்கியமானவை.

இதில் வெடிப்பையும் பக்கத்துச் சுவரையும் சேலத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2021 நவம்பரில் கருங்கல்பட்டியில் ஒரு வீட்டில் சிலிண்டர் வெடித்து, ஒட்டியிருந்த வீடுகளும் இடிந்து, குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். நம் ஊர்ப் பழைய தெருக்களில் ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பக்கத்து அடுப்படி உங்கள் கையில் இல்லை. குடித்தனக்காரர்கள் இந்தப் பாலிசியை எடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதல் காரணம்.

தண்ணீர்த் தொட்டியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நான் பார்த்த கிளைம்களில் தீயைவிட மொட்டை மாடி டேங்க்தான் அதிகம்.

திருட்டு?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள், நன்றாகப் படியுங்கள். பாரத் கிருஹ ரக்ஷா அடிப்படைப் பாலிசியில் பூட்டை உடைத்துத் திருடுவது கிடையாது. மேலே சொன்ன ஆபத்துகளில் ஒன்று நடந்து, அதை ஒட்டி ஏழு நாளுக்குள் திருடு போனால் மட்டும் கிடைக்கும். வெள்ளத்தில் கதவு பெயர்ந்துவிட்டது, நீங்கள் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறீர்கள், திரும்பி வந்தால் டிவியைக் காணோம். அந்த மாதிரித் திருட்டுக்கு.

சாதாரணத் திருட்டுக்குக் கூடுதல் கவர் (கூடுதல் பாதுகாப்பு) எடுக்க வேண்டும், அல்லது திருட்டும் சேர்ந்த வீட்டுப் பேக்கேஜ் பாலிசி எடுக்க வேண்டும். அதிலும் "பூட்டை உடைத்து, பலவந்தமாக நுழைந்து" என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வாசல்படி மேல் வைத்த சாவியை எடுத்துத் திறந்து திருடியவனுக்கு அது பொருந்தாது. சித்திரைத் திருவிழாவுக்கோ பேறுகாலத்துக்கோ ஊருக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் வீட்டைப் பூட்டி வைத்தால் திருட்டுக் கவர் நின்றுவிடும் என்றும் பல பாலிசிகளில் எழுதியிருக்கும். போவதற்கு முன் நிறுவனத்துக்கு எழுதிச் சொல்லிவிடுங்கள்.

ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். அது போதுமா?

போதாது. சிஎஸ்ஆர் என்பது உங்கள் மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது. திருட்டுக் கிளைமுக்கு எஃப்ஐஆர் வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், "எஃப்ஐஆர் எப்போது போடுவீங்க சார்?" என்று கேட்டுத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள். பொருள் கிடைக்கவில்லை என்றால் பிறகு "கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற சான்றும் கேட்பார்கள். புகாரில் சாமான் பட்டியலை முழுதாக எழுதுங்கள். "நகை, பணம் மற்றும் சில பொருட்கள்" என்று எழுதிவிட்டு, கிளைம் படிவத்தில் லேப்டாப்பைச் சேர்த்தால் சர்வேயர் (சேதத்தைப் பார்த்து மதிப்பிடுகிறவர்) அங்கேயே நிறுத்திக் கேட்பார்.

நகைக்கு?

நகை, வெள்ளிச் சாமான் போன்றவற்றுக்கு விருப்பக் கவர் தனியாக உண்டு. மொத்தம் 5 லட்சம் ரூபாய்க்குள்ளும், எந்த ஒரு பொருளும் 1 லட்சத்தைத் தாண்டாமலும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்று கேட்க மாட்டார்கள். இப்போது தங்கம் விற்கிற விலையில் இரண்டு சவரன் சங்கிலியே ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். அதனால் நகைக்கடை மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கி வைத்துவிடுவதே நல்லது. அடிப்படைப் பாலிசியோடு நகைக் கவர் மட்டும் எடுத்தால் திருட்டு தானாக வந்துவிடாது என்பதையும் மறக்காதீர்கள். மேலே சொன்னேனே, அது இதற்கும் பொருந்தும்.

வங்கி லாக்கரில் இருந்தால் வீட்டுப் பாலிசி தேவையில்லை என்று சொல்வார்கள். தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி இவற்றால் லாக்கரில் இருப்பது போனால், வங்கியின் பொறுப்பு ஆண்டு லாக்கர் வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். ரிசர்வ் வங்கி விதி அது, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். உங்கள் நகையின் மதிப்பை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டிலேயே கொலுசு வேலை செய்கிறோம். கடைக்காரர் கொடுத்த வெள்ளி வீட்டில் இருக்கிறது. அதுவும் சேருமா?

சேராது. செவ்வாப்பேட்டையிலும் குகையிலும் பனங்காட்டிலும் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். வியாபாரி எடை போட்டுக் கொடுத்த வெள்ளி உங்கள் வீட்டுச் சாமான் ஆகாது. அது தொழிற் சரக்கு, அதுவும் இன்னொருவருடையது. போனால் எடைக்கு எடை நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வியாபாரியிடம் நேராகக் கேளுங்கள்: "வெளியே வேலைக்குக் கொடுக்கிற வெள்ளிக்கு உங்க பாலிசியில் கவர் இருக்குதுங்களா?" இருக்கிறது என்றால் அதன் நகலை வாங்கி வையுங்கள். இல்லை என்றால் தொழிலுக்கென்று நீங்கள் தனியாக எடுக்க வேண்டும். 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறு தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று இதே போல ஒரு பொதுப் பாலிசி இருக்கிறது. அதிலும் திருட்டு தனிக் கவர்தான், கேட்டு வாங்க வேண்டும்.

அம்மாபேட்டையில் கூடத்தில் தறி போட்டிருப்பவர்களுக்கும் இதே பதில். தறி, பாவு, நூல், நெய்த சேலை எல்லாம் தொழிலில் சேரும். வீட்டுப் பாலிசி எடுக்கும்போது "வீட்டில் தறி ஓடுகிறது" என்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால், தறிக்குச் சம்பந்தமே இல்லாத ஃபிரிட்ஜ் கிளைமில்கூட அதைக் காட்டி நிராகரிக்க இடம் கொடுத்துவிடுவீர்கள்.

கரன்ட் ஏறி இறங்கி டிவி போய்விட்டது. கிடைக்குமா?

அந்த டிவிக்குக் கிடைக்காது. மின்கசிவு, ஷார்ட் சர்க்யூட், அதிக மின்னழுத்தம் இவற்றால் கெட்டுப்போன சாதனம் விலக்கில் இருக்கிறது. அந்த ஷார்ட் சர்க்யூட்டில் தீப்பிடித்துத் திரைச்சீலையும் சோபாவும் எரிந்தால் அவற்றுக்குக் கிடைக்கும். சாதனம் பழுதாவதற்குச் சில நிறுவனங்கள் தனிக் கவர் தருகின்றன.

சுவர் ஓதம் ஏறி துணியெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது.

கிடைக்காது. கரையானுக்கும் அப்படித்தான். நாள்பட வந்த சேதத்துக்குப் பாலிசி இல்லை. வீட்டுக்காரரிடம் பழுது பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்காட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மலைக்கு வேறு மாதிரியா?

பாலிசி ஒன்றுதான். ஆபத்துதான் வேறு. கீழே சேலத்தில் சாக்கடை எதிர்த்து வந்து வீட்டுக்குள் நிற்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள். மேலே மரமும் மண்ணும் மின்னலும்தான் பேச்சு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த மழையில் கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது பலருக்கும் நினைவிருக்கும். மண் சரிவு பாலிசியில் இருக்கிறது. ஆனால் புதுக் கட்டடம் படிவதால் வரும் விரிசல், பக்கத்தில் யாரோ பள்ளம் தோண்டியதால் சரிந்தது, கட்டுமானக் குறை இவற்றை விலக்கியிருக்கிறார்கள். மலையில் வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி இடம் எடுப்பது சாதாரணம் என்பதால் இந்த விலக்கு அங்கே முக்கியம். வீடு பார்க்கப் போகும்போது பின்பக்கம் போய்ப் பாருங்கள். வெட்டின மண் பச்சையாக, தடுப்புச் சுவர் இல்லாமல் நின்றால் வேறு வீடு பாருங்கள், இன்ஷூரன்ஸ் அடுத்த பேச்சு.

சில்வர் ஓக் மரம் ஓட்டின் மேல் விழுந்து உள்ளே இருந்தது உடைந்தால், ஓடு வீட்டுக்காரர் கணக்கு, உடைந்த சாமான் உங்கள் கணக்கு. ஒரே மரம், இரண்டு கிளைம். இருவரும் ஒரே நாளில் தகவல் சொல்லிவிட்டால் இருவருக்கும் வேலை சுலபம்.

பாதை அடைபட்டு சர்வேயர் மேலே வர முடியாது என்றால், வீடியோ காலில் காட்டட்டுமா என்று கேளுங்கள். அவர் வரும் வரை எதையும் தொடக் கூடாது என்று மழையில் நனைய விடவும் வேண்டாம். தார்ப்பாய் போட்டு மூடுவது, நனையாத பொருளை ஒதுக்கி வைப்பது உங்கள் கடமை. முதலில் படம் எடுத்துவிட்டு மூடுங்கள்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

இன்றைக்கு எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் என்ன ஆகும் என்று கூட்டுங்கள். அறை அறையாகப் போய் எழுதினால் ஒரு மணி நேர வேலை. ஆட்கள் எப்போதும் மறப்பது துணியும் பாத்திரமும். கல்யாணச் சீர் பித்தளையும் எவர்சில்வரும் பரணில் இருக்கும், நினைவுக்கே வராது. ஒரு பட்டுச் சேலை விலையை வைத்து பீரோவைக் கணக்குப் போட்டால் பலருக்கு மலைப்பாகிவிடும்.

குறைத்து எடுத்தால் என்ன ஆகும்? பழைய வகைப் பேக்கேஜ் பாலிசியில் 6 லட்சம் சாமானை 3 லட்சத்துக்கு எடுத்திருந்தால், 1 லட்சம் நஷ்டத்துக்குப் பாதியாக 50,000தான் தருவார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு இல்லை. 1 லட்சம் நஷ்டம் என்றால் 1 லட்சம்தான், எடுத்த தொகைக்குள் இருந்தால் போதும். ஆனால் முழு வீடும் எரிந்தால் 3 லட்சத்தோடு நின்றுவிடும்.

பிரீமியம் எவ்வளவு வரும்?

சில லட்ச ரூபாய்ச் சாமானுக்கு அடிப்படைப் பாலிசி மட்டும் என்றால் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். திருட்டும் நகையும் சேர்த்தால் ஏறும். 18 சதவீத ஜிஎஸ்டி தனி.

எப்போது கிளைம் போட வேண்டும், எப்போது விட்டுவிடலாம்?

முதலில் பாலிசி அட்டவணையில் "கழிவுத் தொகை" இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கிளைமிலும் முதல் இவ்வளவு ரூபாய் உங்களுடையது என்று போட்டிருந்தால், அதை ஒட்டிய நஷ்டத்துக்கு அலைவதில் பயனில்லை. ஒரு குக்கரும் இரண்டு பாயும் நனைந்ததற்குக் கிளைம் போட வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். சர்வேயர் வரும் வரை வேலைக்கு லீவு போட்டுக் காத்திருப்பதற்கே அந்தப் பணம் சரியாகிவிடும்.

ஆனால் தகவல் சொல்வது வேறு, கிளைம் போடுவது வேறு. சந்தேகமாக இருந்தால் தகவலைச் சொல்லிவிடுங்கள். தண்ணீர் புகுந்த அன்று ஃபிரிட்ஜ் ஓடும், பத்தாவது நாள் கம்ப்ரசர் நின்றுபோகும். அன்றே சொல்லி எண் வாங்கியிருந்தால் பேச இடம் உண்டு. பத்தாவது நாள் முதல்முறையாகச் சொன்னால் வெள்ளத்தால்தான் கெட்டது என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? தீ, வெடிப்பு, திருட்டு, வீட்டுக்குள் நின்ற வெள்ளம் இவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம், உடனே சொல்லுங்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் சேதத்தைப் பார்த்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கிளைம் படிவமும் போய்ச் சேர வேண்டும்.

நடந்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

உயிர் முதலில். வெளியே வாருங்கள், 101 அல்லது 112 கூப்பிடுங்கள். அப்புறம் நிறுவனத்துக்குத் தகவல், பிறகுதான் துடைப்பம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குகை வீட்டில் ஒரு ராத்திரி மொட்டை மாடி டேங்க் குழாய் இணைப்பு விட்டுவிட்டது. சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கிப் பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள்ளும், கீழே கட்டில் மெத்தையிலும், கிரைண்டர் மேலும் கொட்டியிருக்கிறது. விடிந்ததும் வீடே சேர்ந்து சுத்தம் செய்தோம். மெத்தையைக் குப்பை வண்டியில் ஏற்றினோம். கிரைண்டரை மெக்கானிக்கிடம் கொடுத்து மோட்டாரை மாற்றினோம், பழைய மோட்டாரை அவரே வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள்தான் பாலிசி இருப்பது நினைவுக்கு வந்தது.

சர்வேயர் வந்தபோது தரை பளிச்சென்று இருந்தது. சுவரில் விரல் அகலத்துக்குச் சுண்ணாம்புக் கறை, அவ்வளவுதான் சாட்சி. மெத்தை எங்கே என்றார், இல்லை. மோட்டார் எங்கே என்றார், இல்லை. அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து அப்பாவின் வெண்பட்டு வேட்டியை எடுத்து விரித்தார். அரக்குச் சேலையின் சாயம் இறங்கி ஒரு முழத்துக்குத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. அதைக் காய வைத்து அப்படியே மடித்து வைத்திருந்தோம். சர்வேயர் அதைப் படம் எடுத்தார், பெட்டிக்குள் இருந்த மற்ற துணிகளையும் ஒவ்வொன்றாக எண்ணி எழுதினார். துணிக்குப் பணம் வந்தது. மெத்தைக்கும் கிரைண்டருக்கும் வரவில்லை. அவர் மேல் குறை சொல்ல முடியாது, கண்ணால் பார்த்ததைத்தான் அவரால் எழுத முடியும்.

அதனால் இன்று என்னிடம் பாலிசி எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது: தண்ணீர் நிற்கும்போதே சுவரில் அது ஏறிய கோட்டோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு பொருளையும் மாடல் எண் தெரியும்படி எடுங்கள். பழுதான பாகத்தை மெக்கானிக்கிடமிருந்து திரும்ப வாங்குங்கள். நாற்றம் தாங்காமல் எறிந்தே ஆக வேண்டும் என்றால் நிறுவனத்துக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ சொல்லிவிட்டு, படம் எடுத்துவிட்டு எறியுங்கள்.

சர்வேயர் எப்போது வருவார்? பணம் எப்போது வரும்?

2024 ஜூனில் ஐஆர்டிஏஐ போட்ட விதிப்படி, நீங்கள் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். தேதிகளை ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள், தாமதமானால் அந்தக் காகிதம்தான் பேசும். சர்வேயருக்கான கட்டணத்தை நிறுவனம் கொடுக்கும். உங்களிடம் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

பில் எதுவும் இல்லை.

எல்லோர் வீட்டிலும் இதே நிலைமைதான். ஆன்லைனில் வாங்கியதற்குப் பில் உங்கள் கணக்கிலேயே இருக்கும். தவணையில் வாங்கியதற்கு வங்கி அறிக்கை இருக்கும். வாரன்டி அட்டை, பொங்கலுக்கும் பிறந்த நாளுக்கும் வீட்டுக்குள் எடுத்த படங்கள் எல்லாம் சாட்சிதான். இன்றைக்கே செல்போனில் வீட்டை ஒருமுறை வீடியோ எடுத்து, போனில் மட்டும் வைக்காமல், வெளியூரில் இருக்கும் தங்கைக்கோ மச்சானுக்கோ அனுப்பி வையுங்கள். வீடு எரியும்போது போனும் உள்ளே இருக்கலாம்.

எங்கள் சிலிண்டர் வெடித்தால் கேஸ் கம்பெனியே பணம் தருமாமே?

ஓரளவு உண்மை. எண்ணெய் நிறுவனங்கள் பதிவு பெற்ற வாடிக்கையாளர்களுக்காகப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. சிலிண்டர் விபத்தில் உயிர் போனால் ஒருவருக்கு 6 லட்சம், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரை. நீங்கள் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. விபத்து நடந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

குடித்தனக்காரருக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சொத்துச் சேதத்துக்கான தொகை இணைப்பில் பதிவான முகவரிக்குத்தான். மூன்று வீடு மாறியும் புத்தகத்தில் இன்னும் பழைய கிச்சிப்பாளையம் விலாசமே இருந்தால் அந்த 2 லட்சத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஏஜென்சிக்குப் போய் விலாசத்தை மாற்றுங்கள், அப்படியே ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள். கசிவு வாடை வந்தால் 1906.

என் அடுப்பால் தீப்பிடித்து வீட்டுக்காரரின் வீடு எரிந்தால்?

அவர் உங்களிடம் கேட்கலாம். அவருக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனமும் அவர் இடத்தில் நின்று உங்களிடம் கேட்கலாம். உங்கள் சாமான் பாலிசி அதற்குப் பதில் சொல்லாது. பொறுப்புக் கவர் என்று தனியாகச் சேர்க்க வேண்டும், சில பேக்கேஜ்களில் உண்டு. மாடி வீட்டில் அடுப்பு வைத்துப் பலகார வியாபாரம் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

வீடு இருக்க முடியாமல் போனால் வேறு வீட்டு வாடகை தருவார்களா?

பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்தச் சலுகை கட்டடப் பகுதியோடு சேர்ந்தது. சாமான் மட்டும் எடுப்பவர் கூடுதல் கவராகக் கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அக்ரிமென்ட் கிடையாது. வாய்ப்பேச்சுதான்.

பாலிசி எடுக்க அது தடையாக இல்லாமல் போகலாம், கிளைம் நேரத்தில் "இந்த விலாசத்தில்தான் குடியிருந்தேன்" என்று காட்டத் திணறுவீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அதே சட்டம். ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் விட்டுவைத்த பொருட்களின் பட்டியலையும் (கீசர், ஃபேன், மோட்டார்) சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சேதம் வரும்போது எது யாருடையது என்ற சண்டையே வராது.

கிளைமை மறுத்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

இல்லை. மறுத்த காரணத்தைப் பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலோ 155255 எண்ணிலோ பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) ஓராண்டுக்குள் போகலாம். 50 லட்சம் வரை அவர் தீர்ப்புச் சொல்ல முடியும். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அங்கே இரண்டு ஆண்டு அவகாசம். பலர் முதல் "முடியாது" கடிதத்தோடு சோர்ந்து வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். காகிதங்களைச் சரியாக வைத்திருப்பவர் இரண்டாவது படியில் ஜெயிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நடுவில் வீடு மாறினால்?

பாலிசி ஆளோடு நடந்து வராது, விலாசத்தில்தான் இருக்கும். ஹஸ்தம்பட்டியில் எடுத்துவிட்டு அழகாபுரத்துக்கு மாறினால், புது விலாசத்துக்கு எழுதி ஒப்புதல் வாங்கும் வரை புது வீட்டுச் சாமானுக்குப் பாதுகாப்பு இல்லை. லாரி பேசும் அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். லாரியில் போகும்போது உடைவது இந்தப் பாலிசியில் வராது, பேக்கர்ஸ் ஆட்களிடம் தனியாகக் கேளுங்கள். மாறிப் போகும் இடத்தில் வேண்டாம் என்றால் ரத்து செய்து மீதி நாட்களுக்குப் பிரீமியத்தைத் திரும்ப வாங்கலாம். பால் காய்ச்சும் நாளுக்கு முன்னால் கேஸ் விலாசமும் பாலிசி விலாசமும் இரண்டும் மாறியிருக்கட்டும்.